சாட்சி இல்லாத சவாரி

ஆர்லாண்டோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள வேலாயுதம்,

மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாதவனுக்கு இன்று என்ன வந்தது என்று நீ முணுமுணுப்பது இங்கே வரை கேட்கிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். செல்வி, மாப்பிள்ளை, யாழினி எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று பாய் சொன்னார். சொட்டு மருந்தை மருமகளை விடச் சொல். உன் கை நடுக்கம் எனக்குத் தெரியும்.

நான் ரோலர் கோஸ்டரில் ஏறினேன் என்றதை நீ நம்பவில்லை. "ஏறியிருந்தால் வீடியோ எங்கே?" என்று ஊரெல்லாம் கேட்டிருக்கிறாய். பாய் வேலை மெனக்கெட்டு ஃபோன் செய்து, "கீழே நின்று கைப்பைகளுக்குக் காவல் இருந்தீராமே" என்கிறார். இதற்குச் சூடாக ஒரு பதில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கதிரின் வீடியோவை அனுப்பினாய். பொருட்காட்சியில் கொலம்பஸ் கப்பல் ஊஞ்சலில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வெளியே நீட்டி எடுத்தது. "என் பேரன் எடுத்த அழகைப் பார்" என்று கீழே எழுதியிருந்தாய். நான்கு முறை பார்த்தேன். தூக்கம் போய்விட்டது.

முதலில் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன். ஏறினேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, பொருள்களை வைத்துப் பூட்ட வரிசையாகப் பெட்டிகள். ஃபோன், கண்ணாடிக்கூடு, பேனா, சில்லறை எல்லாம் உள்ளே போயின. அதைத் தாண்டினால் விமான நிலையத்தில் இருப்பது போல ஒரு வாசல். நான் நுழைந்ததும் அது 'கீங்' என்றது. யாழினிக்கு அக்கா என்று சொல்லக்கூடிய ஒரு பெண் என் சட்டைப்பையைக் காட்டினாள். நீ கொடுத்த பித்தளை மூக்குப்பொடி டப்பா! மருந்து என்றேன். "மருந்தும் பறக்கும், சார்" என்றாள். திரும்பிப் போய் அதையும் பூட்டிவிட்டு வந்தேன். பின்னால் நின்ற அத்தனை பேரும் என்னைக் கடத்தல்காரனைப் போலப் பார்த்தார்கள். பல்செட்டை மட்டும் அந்த வாசல் கண்டுபிடிக்கவில்லை. சவாரி முழுவதும் நாக்கால் அதை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அலறக்கூட முடியவில்லை, வேலாயுதம்.

மேலே ஏறும்போது 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் அதைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள். நான் அதைக் கேட்டுத்தான் தைரியம் அடைந்தேன். வண்டி பின்னால் வழுக்காமல் இருக்க, தடத்தில் உள்ள பல்சட்டத்தில் பல்லுக்குப் பல் விழும் இரும்பு நாக்கு அது. சத்தம் வரும்வரை கவலையில்லை.

இறங்கி வெளியே வந்தால், வழியில் ஒரு கடை. திரையில் நம் எல்லாருடைய படமும் ஓடுகிறது! கடைசி இறக்கத்தில் கேமரா பொருத்தி எடுத்து, காசுக்கு விற்கிறார்கள். ஓகோ, இதற்குத்தான் ஃபோனைப் பிடுங்கினீர்களா என்று எனக்கு வந்த ஆத்திரத்தை நம் பணிமனை அந்தோணி மேஸ்திரி பார்த்திருக்க வேண்டும். அந்தப் படத்தை வாங்கியிருந்தால் உனக்குச் சாட்சி கிடைத்திருக்கும். விலை நம் வீட்டின் ஒரு வாரக் காய்கறிச் செலவு. தவிர, அதில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல் வலிக்காரனைப் போல இருந்தேன்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டதும் ஆத்திரம் பாதி இறங்கியது. நாற்பது மீட்டர் இறக்கத்தின் அடியில் வண்டி மணிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் போகும். கையிலிருக்கும் ஃபோனுக்கும் அதே வேகம். இருநூறு கிராம் என்று வைத்துக்கொள். அது ஒருவன் மேல் பட்டால், ஒரு கிலோ எடைக்கல் எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடிக்குச் சமம். வளைவில்தான் கை நழுவும். வண்டி திரும்பிவிடும், ஃபோன் திரும்பாது. நேரே போகும். அங்கே வரிசையில் ஒரு குழந்தை நிற்கலாம்.

2019-இல் ஸ்பெயினின் போர்ட்அவெஞ்சுராவில், 134 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஷம்பலாவில், முன்னால் இருந்தவரின் ஃபோன் பறந்து வர, பின்னால் இருந்தவர் அந்தரத்திலேயே பிடித்துவிட்டாரே, நீ எனக்கு மூன்று முறை அனுப்பிய வீடியோ, அதுதான் உன்னைப் போன்றவர்களைக் கெடுத்தது. பிடிபட்டதைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

பிடிபடாத கதை இந்த ஊரிலேயே இருக்கிறது. 1999-இல் இங்கே டூயலிங் டிராகன்ஸ் என்று ஒன்று திறந்தார்கள். இரண்டு வண்டிகள், பயணிகளின் கால்கள் கீழே தொங்க, எதிரெதிரே பாய்ந்து வரும். மிக நெருங்கும் இடத்தில் இடைவெளி ஒன்றரை அடி. நேரக் கணக்கைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். இப்படி ஒன்றைக் கட்டியவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். 2011 கோடையில் அதில் போன ஒருவருடைய கண்ணில் ஏதோ ஒரு பொருள் வந்து அடித்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. சில நாளில் இன்னொருவருக்கு முகத்தில் அடி. அத்தோடு வண்டிகளை ஒன்றாக விடுவதை நிறுத்திவிட்டு, முன்பின்னாக அனுப்பினார்கள். பிறகு 2017-இல், புதிய சவாரி ஒன்றுக்கு இடம் விட, மூடியே விட்டார்கள். எதிரெதிரே வரும்போது வேகம் இரட்டிப்பு என்றால் அடி நான்கு மடங்கு. ஃபோனே வேண்டாம், ஒரு ரூபாய் நாணயம் போதும். எவனோ ஒருவனின் சட்டைப்பையில் கிடந்த பொருளுக்காக அவ்வளவு அருமையான வேலை வீணாயிற்று. கண் போனவருக்காக வருந்தினேன். அந்த இயந்திரத்துக்காகவும் வருந்தினேன். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஃபோன் விழுந்த பிறகும் விவகாரம் முடிவதில்லை. 2015-இல் ஒஹாயோவின் சீடர் பாயிண்டில், சவாரியில் தவறவிட்ட பொருளைத் தேடி ஒருவர் வேலி தாண்டித் தடத்துக்கு அடியில் போனார். வண்டி வந்து அடித்து இறந்துபோனார். அதே ஆண்டு கலிஃபோர்னியா டிஸ்னி பூங்காவில் ஒருவர் ஓடும் வண்டியில் செல்ஃபி குச்சியை நீட்டியதற்காக மொத்தச் சவாரியையும் நிறுத்தினார்கள். சில நாளில், ஜூன் 30 முதல், அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் அந்தக் குச்சிக்கே தடை. ஏன் மொத்தத்தையும் நிறுத்த வேண்டும் என்று கேட்பாய். இது உனக்குப் பிடிக்கும்: இதுவும் நம் ரயில்வேயின் பிளாக் முறைதான்! தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரு வண்டிதான். முன்னால் போனது நின்றால் பின்னால் வருவதும் நிற்கும். சக்கரம் மட்டும் நம்முடையதைப் போல இல்லை. மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று. அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். அதனால்தான் தலைகீழாகப் போனாலும் கழன்று விழுவதில்லை. அந்தச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு ஃபோன் போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

"அப்படியானால் யூடியூபில் வருகிறதே?" என்று மாப்பிள்ளையிடம் நானும் கேட்டேன். அதில் நல்ல படங்கள் பெரும்பாலும் பூங்காவே எடுத்தவை, அல்லது அனுமதி வாங்கி, கேமராவை வண்டியோடு இறுகப் பொருத்தி எடுத்தவை என்றார். கையில் பிடித்து எடுப்பது வேறு கதை.

இன்னொன்றும் உண்டு. ஸ்பேஸ் மவுண்டன் என்று ஓர் இருட்டுச் சவாரி, 1975-இலிருந்து இங்கே ஓடுகிறது. அதன் வேகம் 45 கிலோமீட்டர்தான். நம் பாசஞ்சர் வண்டி அதைவிட வேகமாகப் போகும்! ஆனாலும் அலறுகிறார்கள், ஏனென்றால் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாது. விளக்கைப் போட்டால் வெறும் இரும்புச் சாரம். முன்னால் இருப்பவன் ஃபோன் திரையைத் திறந்தால் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் சவாரி கெட்டது. கூத்து நடக்கும்போது திரைக்குப் பின்னால் டார்ச் அடிப்பவனை நம் ஊரில் என்ன செய்வார்கள்?

படம் விற்கும் காசும் ஒரு காரணம்தான். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்று இனிச் சொல்லமாட்டேன்.

கதிர் விஷயம். வேலாயுதம், இனி விளையாட்டு இல்லை. இங்கே பெட்டி, வாசல், அந்தப் பெண், அவளுக்கு மேல் ஒருவர், எல்லாம் இப்போது இருக்கிறது. கணக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிய இந்த ஊரிலேயே ஒருவருக்குக் கண் போயிற்று. பொருட்காட்சியில் டிக்கெட் கிழிக்கிற பையனே விசையையும் தட்டுகிறான். கொலம்பஸின் உச்சியில் ஒரு நொடி உடம்பு எடை இழக்குமே, அந்த நொடியில் உன் பேரன் கம்பியில் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறான். பதினேழாவது நொடியில் அவன் இடுப்பு இருக்கையை விட்டு எழும்புகிறது. நிறுத்திப் பார். நான் நிறுத்திப் பார்த்தேன்.

மேலே கிரேனில் ஏறுபவன் ஸ்பேனரை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் அந்தோணி மேஸ்திரி ஏணியையே எடுத்துவிடுவார். நாம் அவரை எவ்வளவு கேலி செய்தோம், "ஆட்டுக்குட்டி வருகிறது" என்று. அந்த நட்டு விழும் வரைக்கும். அரை அங்குல நட்டு. நீ தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாய். உன் தூக்குவாளி மூடி குழிந்து, உள்ளே தயிர்ச்சாதம் வரை இறங்கியிருந்தது. நீ அந்த மூடியைத் தூக்கி எறியாமல் ஓய்வு பெறும் வரை கொண்டுவந்தாயே, இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துக் கதிர் கையில் கொடு. எதுவும் சொல்ல வேண்டாம். உனக்குப் பேச வராது, எரிந்து விழுவாய்.

பொடி நேற்றோடு தீர்ந்துவிட்டது. இந்த ஊரில் கேட்டால் போலீசைக் கூப்பிடுவார்கள் என்று செல்வி மிரட்டுகிறாள். 14-ஆம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு வரும்போது இரண்டு மட்டை வாங்கி வா. பாயையும் கூட்டி வா, நேரிலேயே ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

உன்
கணேசன்