தாத்தா துப்பாக்கிக்கு ஊர் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அப்பா தவறிய பிறகு தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியை மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தோம். உரிமம் என் பெயருக்கு வரும்வரை வீட்டில் வைத்திருக்க முடியாது. அது அங்கே கிடந்த மாதங்களில்தான் அதன் பூர்வீகம் தெரியவந்தது. உதவியவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

துப்பாக்கி மெட்ராஸிலேயே செய்தது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டியில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’ என்று அழகாகச் செதுக்கியிருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? மவுண்ட் ரோட்டில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கிறதே, அதே கடைதான். தாத்தா எண்ணெய் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அத்தை மட்டும், “அடியில கிரீடம் போட்டு ‘வி’னு இருக்கு, விக்டோரியா மகாராணி துப்பாக்கிடா” என்பார்.

முதல் நன்றி கடைக்கார அண்ணாச்சிக்கு. முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்து, தட்டையான அடிப்பக்கத்தில் கெட்டிப்பட்டிருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்து அரைநாள் ஊறவைத்து எடுத்தார். உப்புத்தாள் போடலாமா என்று கேட்டதற்கு அவர் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அழுக்குப் போனதும் குழல் முழுக்க மரத்தின் ரேகை மாதிரி சுழிசுழியாக வரி. இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பட்டையாக்கி, சுருளாகச் சுற்றிக் காய்ச்சி அடித்த டமாஸ்கஸ் குழல் அது.

குழலின் அடியில் குத்தியிருந்த முத்திரைகளை வாசித்தது, ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சரக்காக இருக்கும் என்றுதான் முதலில் சொன்னார். அந்த ஊர் முத்திரை முட்டை வடிவத்துக்குள் ‘இ எல் ஜி’ எழுத்துகளும் நட்சத்திரமுமாக இருக்குமாம். அது இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், மேலே கிரீடம், இடுக்குகளில் ‘பி பி சி’ என்று மேலெழுந்து வந்தது. ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்!

அளவுக்கு மீறி வெடிமருந்து கிட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்களாம், வெடிக்காத குழலுக்குத்தான் அந்த முத்திரை. 1813-இல் அந்த ஊரில் சட்டப்படி ஏற்பட்ட துப்பாக்கிச் சோதனைச் சாலையின் முத்திரை அது. பக்கத்தில் வைரக் கட்டத்துக்குள், தோட்டா அளவைக் குறிக்கும் ‘12 சி’ இருந்தது. அந்தக் குறி 1887-இல் வந்தது. செங்கோல் முத்திரையோ 1904-இல் மாறிப்போனது. ஆக, நடுவிலுள்ள 17 வருஷத்துக்குள் பிறந்த துப்பாக்கி. பட்டியில் இருந்தது விற்ற கடையின் பெயர். அந்தக் காலத்தில் பெரிய கடைகள் பர்மிங்ஹாமிலிருந்து வரவழைத்துத் தங்கள் பெயரைப் போட்டு விற்பது வழக்கமாம். அத்தையின் ‘வி’ விக்டோரியாவும் இல்லை, பார்வையிட்டாயிற்று என்பதற்கான (‘வியூ’) எழுத்து. (அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.)

இன்றைய தோட்டாவில் இருக்கும் அழுத்தம் கூடிய புகையில்லா மருந்துக்கான சோதனை முத்திரை இதில் இல்லை, பழைய கரிமருந்துக்கு மட்டும் பார்த்த குழல், இன்றைய தோட்டாவைப் போட்டுவிடாதீர்கள் என்று ஐயா மூன்று தடவை சொன்னார். கையை, ஒருவேளை உயிரையே காப்பாற்றிய எச்சரிக்கை ஐயா.

“நூறு வருஷம் தாண்டினா லைசென்ஸ் எதுக்கு?” என்று ஊரில் பலர் சொன்னதை நம்பியிருந்தால் மாட்டியிருப்பேன். பழசோ புதுசோ, சுடக்கூடிய நிலையில் இருந்தால் உரிமம் வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்தில் சட்டப் பக்கத்தையே திருப்பிக் காட்டிய அலுவலர் அம்மாவுக்கும் நன்றி. தாத்தாவின் உரிமப் புத்தகத்தைப் புடவைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அத்தைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

செய்த பட்டறையின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

ஆர்மரர் ஐயா, உங்கள் டார்ச் என் பையிலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
வத்தலக்குண்டிலிருந்து ஒரு பேரன்