சைக்கிள் பயணிகள் சங்கத்தின் ஆண்டறிக்கை: பூம்புகார் முதல் கோடியக்கரை வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவு, சந்தா நிலுவை ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வாசிக்க இருக்கிறார். இந்த அறிக்கை பாதைகளைப் பற்றியது. பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரைக்குமான நம் பழைய வழிக்குறிப்பைக் கைவிட்டுப் புதிதாக எழுதி முடித்திருக்கிறோம். பழைய குறிப்பில் ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும்தான் இருந்தது. டெல்டாவில் ஏற்ற இறக்கம் கிடையாது, பாலங்களின் முதுகுதான் மேடு. அதனால் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எந்தப் பயணமும் சுலபமாகத் தெரியும். ஆளை மடக்கிப் போடுவது எதிர்க்காற்று. எனவே புதிய குறிப்பில் மாதமும் காற்றும் முதல் வரியில் இருக்கின்றன, தூரம் அதற்குப் பிறகுதான்.

கடற்கரை ஊர்களில் காற்றுக்கு வழங்கும் பெயர்களையே எடுத்துக்கொண்டோம். தை, மாசியில் வாடை. அது வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வரும். அப்போது பூம்புகாரில் ஏறித் தெற்கே வேளாங்கண்ணி நோக்கி மிதிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சோழகம், அதாவது தென்றல் பக்கத்துக் காற்று. அப்போது வேளாங்கண்ணியில் தொடங்கி வடக்கே வர வேண்டும். சாதா சைக்கிளில் காற்று முதுகில் இருந்தால் மணிக்கு 15 கி.மீ. தாராளமாக வரும். அதே காற்று நெஞ்சில் அடித்தால் 8, 9 கி.மீ. தாண்டாது. திசையை மாற்றி வைத்தால் ஒரு நாள் பயணம் இரண்டு நாளாகிவிடும்.

ஆனி முதல் ஆவணி வரை வீசும் கச்சானைப் பலர் கெட்ட காற்று என்று ஒதுக்கினார்கள். உண்மையில் மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போய்வர அதுதான் நல்ல காலம். ஒரு வழிக்குச் சுமார் 25 கி.மீ. காலையில் கச்சான் மேற்கிலிருந்து தள்ளும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத் தரை சூடேறியதும் கடல்காற்று எழுந்து, திரும்பி வருகிறவர்களை அதே போலத் தள்ளிவிடும். ஒரு எச்சரிக்கை உண்டு: கச்சான் பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று கரையேறாது. மதியம் ஒரு மணிக்கும் பனை ஓலை கிழக்குப் பார்த்தே சாய்ந்து நின்றால், மாலை வரை காத்திருந்து வெயில் தாழ்ந்த பின் கிளம்புவதே சரி.

இந்தப் பாதையை ஆற்றங்கரையில் போட்டிருக்கிறோம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்த பிறகு தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும். மேலையூர் கதவணைதான் காவிரியின் கடைசித் தடுப்பு. அங்கே ஷட்டருக்கு மேற்கே நிரம்பி நிற்கும் ஆற்றையும் கிழக்கே ஒடுங்கிக் கடலுக்குப் போகும் ஆற்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனேசுவரத்துப் புத்த விகாரமும் வழியிலேயே இருக்கின்றன. பூம்புகாருக்கு வந்து சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள். நம் பயணத்தில் இரண்டுக்கும் அரை மணி ஒதுக்குவது இனிக் கட்டாயம்.

கரைப்பாதை எல்லா மாதத்திலும் ஆகாது. சித்திரை, வைகாசியில் தூர்வாரும் வேலை நடக்கும்போது அள்ளிய மண்ணைக் கரைமேலேயே கொட்டியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் களிமண்ணே எதிரியாகிவிடும். சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றுவதற்குள் டயரில் மண் அப்பும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகும். பிறகு சைக்கிள் உருளாது, தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். கையால் தோண்டினால் வராது. பட்டையாகச் சீவிய மூங்கில் சிம்பு ஒன்றைக் கேரியரில் செருகிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் மண்ணை எடுக்கும்போது செயின் கவர் உட்புறத்தையும் சுரண்ட வேண்டும், இல்லையேல் மண் காய்ந்து செயினைக் கடிக்கும். மழைக்காலத்தில் கரைப்பாதை வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்தது இதனால்தான்.

தை, மாசியில் சம்பா அறுவடை. தார்ச்சாலையில் ஒரு பாதி நெல் காயும். நெல்மேல் டயர் ஏறினால் குண்டுமணிமேல் ஏறியது போல வழுக்கும், விளைச்சலும் வீணாகும். இறங்கித் தள்ளிப் போவதே முறை. வைக்கோல் ஃப்ரீவீலில் சுற்றிக்கொண்டால் பெடலைப் பின்னுக்குச் சுழற்றி மெதுவாக உருவுங்கள். வெட்டி இழுத்தால் துணுக்கு உள்ளே போய், ஃப்ரீவீல் பிடிக்காமல் வழுக்கும்.

பூம்புகார் முதல் தரங்கம்பாடி வரை கடலை ஒட்டி நேர்கோடாகப் பாதை இல்லை. முகத்துவாரம் குறுக்கிடும் இடத்திலெல்லாம் உள்ளே வந்து பாலத்தைப் பிடித்து மறுபடி கரைக்குப் போக வேண்டும். வானகிரி, சின்னங்குடி போன்ற மீனவ ஊர்களின் தெருக்கள் இந்த வழியின் அழகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் சிமெண்ட் ரோடு முழுக்க வலை விரித்துப் பழுது பார்ப்பார்கள். பெடல் முனையில் ஒரு கண்ணி மாட்டினாலும் பல நாள் வேலை கெடும். சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக் கடக்க வேண்டும், சுற்றுவழி இருந்தால் அதில் போக வேண்டும்.

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும், 1306ஆம் ஆண்டைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயிலும் பக்கம் பக்கமாகக் கடலைப் பார்த்து நிற்கின்றன. கடல் கோயிலை எவ்வளவு அரித்தது என்பதைக் காலை ஆறு மணி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அதனால் முதல் நாள் இரவுத் தங்கலை இங்கே வைத்திருக்கிறோம். தெற்கே நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் காரைக்கால். அரசலாற்றங்கரையில் கடற்கரை வரை போய்வருவது இதமானது. அதற்குப் பிறகு வாஞ்சூர் வரை நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் அதிகம். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். நாகூரும் நாகப்பட்டினமும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிச் சாலை நடைப்பயணிகளுடையது. அந்த நாட்களிலும் அதற்கு முந்தைய வாரத்திலும் நம் பயணம் அந்தப் பக்கம் இல்லை.

வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் போகும் வழிதான் இந்த ஆண்டு அதிக உழைப்பை வாங்கியது. பிரதாபராமபுரம், விழுந்தமாவடி, வெள்ளப்பள்ளம், நாலுவேதபதி, புஷ்பவனம் என்று மணல் மேட்டு ஊர்களின் வழியாகப் போகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தப் பக்கமே கரையேறியது. தென்னையும் மாவும் சாய்ந்த பிறகு பழைய குறிப்பு சொன்ன நிழல் பல இடங்களில் இல்லை. வைத்த கன்றுகள் வளர்ந்து வருகின்றன, ஆனால் காலை ஒன்பதரைக்கு மேல் வெயிலில்தான் போக வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். வழியில் அடிபம்பு கண்டால் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்து நிரப்புங்கள். பல இடத்தில் உப்புக் கரிக்கும்.

இங்கே பஞ்சர் அதிகம். நெருஞ்சிக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். மணல் ஓரத்தில் நிறுத்தி எடுத்த சைக்கிளைத் தார்ச்சாலைக்கு ஏற்றுமுன் இரண்டு சக்கரத்தையும் சுற்றி டயரைப் பாருங்கள். ஓடிய பிறகு பார்த்துப் பயனில்லை. சீமைக்கருவேல முள் வேறு ரகம். டயரைத் துளைத்து நுனி உள்ளேயே ஒடிந்துகொள்ளும். ட்யூபை ஒட்டி மாட்டியதும் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கினால் காரணம் அந்த நுனிதான். பஞ்சுத் துணியைச் சுருட்டி டயரின் உள்சுற்று முழுக்கத் தேய்த்தால் நுனி துணியில் மாட்டும், மூக்குக் குறட்டால் பிடுங்கலாம். விரலால் தடவாதீர்கள். ஒட்டும் இடத்தில் ட்யூபின் அச்சுக்கோடு ஓடினால் அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுக்கு அடியில் அந்தக் கோடே காற்றுக்கு வாய்க்காலாகும். சொல்யூஷனை ஒட்டைவிட அகலமாகத் தடவி, மினுமினுப்புப் போகும் வரை காத்திருந்து ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டியவை சூட்டில் நகர்கின்றன. இந்த ஆண்டு பிரிந்த ஒட்டுகளில் பெரும்பாலானவை அவசரத்தில் போட்டவை.

சங்கத்தின் பழுதுப் பெட்டியில் இனி இருக்க வேண்டியவை: 28 x 1½ ட்யூப் இரண்டு, 26 அங்குல ட்யூப் இரண்டு, பழைய மாடலுக்கு வால்வு ரப்பர் ஒரு முழம், பெடல் தண்டை அச்சில் பூட்டும் காட்டர் பின் இரண்டு, நட்டுடன் ஸ்போக்ஸ் கம்பி முன்னுக்கும் பின்னுக்கும் ஆறு ஆறு, பிரேக் கட்டை ஒரு ஜோடி, செயின் லாக் மூன்று, 8, 10, 13, 15 ஸ்பேனர்கள். வால்வு ரப்பர் வெயிலில் பிசுபிசுத்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது போடுங்கள்.

வேதாரண்யத்தில் 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தின் நினைவுத்தூண் இருக்கும் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலை இந்தப் பயணத்திலேயே அழகானது. சைக்கிளுக்குக் கேடும் அங்கேதான். உப்புக் காற்று ஒரு இரவிலேயே செயினைச் செம்பட்டையாக்கும், ஸ்போக்ஸ் கம்பியின் முனை நட்டான நிப்பிளை இறுக்கிவிடும். அன்று மாலையே நல்ல தண்ணீரில் அலசித் துணியால் துடைத்து, செயினை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, அரை மணி காய வைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் ஆயில் விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பழைய இன்ஜின் ஆயில் கூடாது. அது மணலை இழுத்து வைத்துப் பற்களை அரைக்கும். பயணத்துக்கு முன் நிப்பிள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஆயில் விட்டால் சக்கரத்தின் கோட்டம் எடுக்கும்போது கம்பி முறியாது. ஸ்டீல் ரிம் உப்பு ஈரத்தில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். பாலம் இறங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 12 கி.மீ. 1967இல் அமைந்த சரணாலயம் அது, 2002 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. வெளிமானும் காட்டுக் குதிரையும் சாலைக்கே வரும். மணியடிக்காமல் நின்று வழிவிட வேண்டும். பூநாரை பார்க்க மார்கழி, தையில் போகலாம். சேற்றுத்தரையில் சைக்கிளை இறக்கவே கூடாது, பெடல் அச்சு சுழலும் பி.பி. கப்புக்குள் உப்புச் சேறு போனால் முழுதும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் தீராது. வனத்துறை அனுமதியை முதல் நாளே நேரில் கேட்டு வாங்கிக்கொள்வது நடைமுறையாக்கப்பட்டிருக்கிறது.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். ஒரு பாலத்தின் அணுகுசாலையில் கொட்டிய ஜல்லி மாதக்கணக்கில் உருட்டப்படாமல் கிடக்கிறது. இரண்டு முறை மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியில்தான் சைக்கிளில் போகிறார்கள். மூன்றாவது மனுவில் உறுப்பினர்கள் அனைவரும் இன்று கையெழுத்திட வேண்டும். தாள் வாசலில் இருக்கிறது.

வரும் ஆண்டின் முதல் பயணம் வைகாசியில் வேளாங்கண்ணியிலிருந்து வடக்கே. காலை நான்கரைக்குக் கிளம்பி, வெயிலுக்கு முன் நாகூர் தாண்ட வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகச் சைக்கிளைக் கொண்டுவந்து காட்டர் பின், பிரேக் கட்டை, டயர் ஓரம் மூன்றையும் காட்டிவிட வேண்டும். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்