சுவருக்குள் விட்டுவைத்த பழைய குழாய் குறித்துப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் மூவறை வீட்டின் குளியலறையையும் சமையலறையையும் நீங்கள் புதுப்பித்துக் கொடுத்து 5 மாதம்கூட ஆகவில்லை. போன வெள்ளிக்கிழமை இரவு கீழ் வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வந்து கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுக் குளியலறை சீலிங்கில் பெயின்ட் உப்பியிருந்தது, நடுவில் ஒரு பழுப்பு வளையம். கீழே வைத்திருந்த வாளியில் வெளிறிய டீ நிறத்தில் தண்ணீர்.

மறுநாள் வந்த உங்கள் சூப்பர்வைசர் தம்பி இரண்டு நிமிடம் நின்றார். "பழைய வீடுன்னா அப்படித்தான் அக்கா. தரை கசியுது. உள்ளே மறைஞ்சிருக்கிற பிரச்சினைக்கு நாங்க பொறுப்பில்ல, ஒப்பந்தத்திலயே இருக்கு" என்றார். உடைத்துச் சரிசெய்ய 2,800 வெள்ளி ஆகும் என்று மாலையில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

வீடு 1979இல் கட்டியது. அதற்கும் வயதுக்கேற்ற நோவு இருக்கும் என்று தெரிந்துதான் வாங்கினோம். அதனால்தான் முதல் சந்திப்பிலேயே, டைல்ஸ் எந்த நிறமானாலும் பரவாயில்லை, பழைய ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை மட்டும் முழுசாக மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "மீட்டரிலிருந்து பழைய ஜிஐ பைப் முழுவதையும் நீக்கி செப்புக் குழாய் பொருத்துதல்" என்று உங்கள் விலைப்பட்டியலில் இருக்கிறது. அதற்கு 3,600 வெள்ளி போட்டீர்கள், பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டேன்.

தரை கசிகிறதா என்று நானே சோதித்துப் பார்த்தேன். ஞாயிறு முழுக்க யாரும் குளிக்கவில்லை, எல்லாரும் ஈசூனில் அக்கா வீட்டில் இருந்தோம். கீழே சொட்டுவது நிற்கவில்லை. திரும்பி வந்து எல்லாத் தண்ணீர்க் குழாயையும் இறுக மூடிவிட்டு வெளியே மீட்டரைப் பார்த்தால், சின்ன முள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மீட்டர் பக்கத்து வால்வை அடைத்தேன், முள் நின்றது. விடிவதற்குள் மக்சிக் வீட்டிலும் சொட்டுவது நின்றுபோனது. தரை கசிந்தால் தண்ணீர் ஊற்றும்போதுதானே சொட்டும்? ஊற்றாதபோதும் சொட்டினால் அது அழுத்தத்தில் இருக்கிற குழாய்தான்.

திங்களன்று 180 வெள்ளி கொடுத்து, உரிமம் பெற்ற ஒரு பிளம்பரை வரவழைத்தேன். அவர் பேசினுக்குக் கீழே இரண்டு டைல்ஸைப் பெயர்த்தார். உள்ளே ஒரு முழ நீளத்துக்கு அதே பழைய ஜிஐ பைப், அதன் வாயிலேயே உங்கள் புதுச் செப்புக் குழாய். இரும்பையும் செம்பையும் இப்படி நேரடியாக இணைத்தால் இரும்புதான் சீக்கிரம் அரித்துப்போகும் என்றார். மரை போட்ட இடத்தில்தான் ஓட்டை. அந்தத் துண்டை வெட்டியெடுத்து, அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டுப் போனார். துண்டை ஒரு மைலோ டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உள்ளே துரு கட்டிக் கட்டி, பென்சில்கூட நுழைய மாட்டேன் என்கிறது.

உங்கள் ஆட்களுக்கு இது தெரியாமல் போயிருக்கும் என்று முதலில் நானும் நினைத்தேன். அப்புறம் மாமனாரின் கைப்பேசியில் ஒரு படம் கிடைத்தது. வேலை நடந்தபோது தினமும் ஆட்களுக்குக் கோப்பி வாங்கிப்போனவர் அவர். வீடு கிடக்கிற கோலத்தைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டப் படம் எடுத்திருக்கிறார். சுவர் திறந்து கிடக்கிறது. அதே இடம், அதே இணைப்பு, பக்கத்தில் கரணையில் சிமெண்டோடு ஒரு கை. 1979இல் கட்டியவர்கள் மறைத்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை, சரி. பார்த்த பிறகு மேலே டைல்ஸ் ஒட்டியது யார்? அன்றைக்கே ஒரு போன் செய்து, இன்னும் இவ்வளவு ஆகும் என்று சொல்லியிருந்தால், முனகிக்கொண்டாவது கொடுத்திருப்பேன்.

இப்போது ரெயின் ஷவர் மேலே அழகாகத் தொங்குகிறது. நாங்கள் சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுபோய், மொண்டு குளிக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். இன்னும் எங்கெல்லாம் பழைய பைப்பை விட்டுவைத்தீர்கள் என்று திறந்து காட்டி, விலைப்பட்டியலில் எழுதியபடி முழுவதும் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். தண்ணீர்க் குழாய் வேலையைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்ய வேண்டும். போன முறை செய்தவரின் உரிம எண்ணும், இனி செய்யப்போகிறவரின் உரிம எண்ணும் எனக்கு எழுத்தில் வேண்டும். மக்சிக் வீட்டு சீலிங்கையும் நீங்களே பூசி, பெயின்ட் அடித்துத் தர வேண்டும். அவரிடம் ஒரு காசு கேட்க எனக்கு வாய் வராது. நான் கொடுத்த 180 வெள்ளியும் திரும்ப வேண்டும்.

7 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போவேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், என் கணக்கு அதற்குள்ளேதான் வருகிறது. விலைப்பட்டியல், ரசீது, மாமனார் எடுத்த படம், பிளம்பரின் குறிப்பு எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன. மைலோ டின்னை மட்டும் அனுப்பவில்லை. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

இடிக்கிற வேலையை வார நாளில் 9 மணியிலிருந்து 5 மணிக்குள்தான் செய்ய முடியும் என்பதால் நான் லீவு எடுக்க வேண்டியிருக்கும். வருகிற நாளை 2 நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மக்சிக்கின் பேரக் குழந்தை பகலில் தூங்கும், அவரிடமும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
7ஆம் மாடி வாடிக்கையாளர்