மரநாய்க்குப் பொந்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்புக்குள் புகுந்த ‘மர்ம விலங்கு’ என்று உங்கள் இதழில் வந்த படத்தில் இருப்பது மரநாய், புனுகுப்பூனை இனத்தைச் சேர்ந்த பிராணி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கூண்டில் சிக்கியதோடு செய்தி முடிந்துவிட்டது. அது ஏன் வீட்டு மேல் ஏறியது என்பதையும் எழுதியிருக்கலாம்.

பகலெல்லாம் மரப்பொந்திலோ பனைமட்டை இடுக்கிலோ சுருண்டு கிடக்கும் பிராணி அது. நன்றாக இருட்டிய பிறகுதான் இறங்கும், அதுவும் தனியாக. கொல்லையிலேயே குடியிருப்பவர்கள்கூட நேரில் பார்ப்பது அபூர்வம். காலையில் கிடக்கும் எச்சத்தை வைத்துத்தான் வந்துபோனது தெரியும். அதைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் நாவல் கொட்டை, பாலைப்பழ விதை எல்லாம் முழுசாக இருக்கும். ஓரிடத்தில் தின்ற பழத்தின் விதையை வேறிடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு மாதிரி மிஞ்சியிருக்கிற காடுகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! பலாப்பழத்தைக் குடையும், கோழிக்குஞ்சைத் தூக்கும், சரி. கொல்லை எலியையும் அதுதானே பிடிக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, எங்கள் பகுதியில் தாத்தா காலத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்புறம் நட்ட ஒட்டுக்கன்றுகள் நன்றாகவே காய்க்கின்றன. ஆனால் இளமரத்தில் பொந்து ஏது? பனையையாவது விட்டுவைத்தோமா? ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு 2021இல் அறிவித்தும் வெட்டுவது நின்றபாடில்லை. ஒண்ட மரமில்லாமல்தான் மரநாய் வீட்டு ஓட்டு இடுக்கைத் தேடி வருகிறது.

பட்டமரமே ஆனாலும், வரப்போரம் பொந்தோடு நிற்பதை வெட்டாமல் விடுங்கள் என்று சக விவசாயிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கன்று கொடுக்கும்போதே தோட்டக்கலைத் துறையும் இதைச் சொல்ல வேண்டும். வீட்டு மேல் மரநாய் தங்கிவிட்டால் புகை போடாதீர்கள், உள்ளே குட்டிகள் இருக்கலாம். அவை வளர்ந்து வெளியேறியதும், இரவில் தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து ஓட்டையை அடைத்தால் போதும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை அடித்துக் கொல்வது குற்றம். காயம்பட்டுக் கிடந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

இப்படிக்கு,
முந்திரி விவசாயி ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.