கடை வாடகைக்கு விடும் முதலாளிமாருக்கு ஒரு மோட்டர்காரனின் மடல்

கொழும்பில் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், புறக்கோட்டைப் பக்கம் கடையும் பட்டறையும் வாடகைக்கு விடும் முதலாளிமாருக்கு வணக்கம்.

எரிந்துபோன மோட்டர்களுக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். உங்கள் கட்டடத்தின் மெயின் போர்டை நான் பார்த்திருக்கவே வேண்டாம். அங்கே ஓடிய மோட்டரைத் திறந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும்.

போன மாதம் மிளகாய் அரைக்கும் மில் ஒன்றிலிருந்து 3 குதிரைவலு மோட்டர் வந்தது. ஸ்டார் முறையில், அதாவது மூன்று சுருளின் ஒவ்வொரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. உள்ளே மூன்றில் இரண்டு பங்கு சுருள் கரி. மற்றது புதுசு போல மினுங்குகிறது. பாரம் கூடி எரிந்திருந்தால் மூன்றுமே கருகியிருக்கும். இரண்டு மட்டும் கருகினால், கரண்ட் கொண்டு வரும் மூன்று கம்பியில் ஒன்று, அதாவது ஒரு பேஸ், இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். (சுருள்களை முக்கோணமாகக் கட்டும் டெல்டா முறை என்றால் மறுபக்கம்: ஒன்று கருகும், இரண்டு தப்பும்.) போய்ப் பார்த்தால், கட்டடத்தின் மெயினில் ஒரு பியூஸ் போயிருந்தது. ஓடிக்கொண்டிருந்த மோட்டர் உடனே நிற்காது. மிச்ச இரண்டு கம்பியில் கூடுதலாகக் கரண்ட் இழுத்து, உறுமிக்கொண்டே சூடாகும். மில்காரத் தம்பி மிளகாய்தான் ஈரம் என்று நினைத்தாராம். மூன்று நாள் மில் மூடல். கட்டட முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "த்ரீ பேஸ் இருக்கென்று சொல்லித்தானே தந்தேன்!"

இருக்கிறது, சரி. எந்த நிலையில் இருக்கிறது?

பேஸுக்கும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கும் இடையில் 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு இடையில் 400. நியூட்ரல் முனை தளர்ந்து கழன்றால், மூன்று பேஸிலும் பாரம் சமமில்லாத கட்டடத்தில், பாரம் குறைந்த பேஸில் வோல்ட் 400ஐ நோக்கி ஏறும். பக்கத்துக் கடைக்காரரின் ஃபிரிட்ஜும் பில் அடிக்கும் கம்ப்யூட்டரும் ஒரே நிமிடத்தில் போகும். உங்கள் பழைய கட்டடங்களிலோ, முன் கடை, பின் கடை, மேல்மாடி ஏசி எல்லாம் ஒரே பேஸில் தொங்குகின்றன. புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் அவசரத்துக்கு எட்டிய கம்பியில் கொடுத்த வேலை அது.

30 அம்பியர் த்ரீ பேஸ் இணைப்பு என்றால் மொத்தம் ஏறக்குறைய 20 கேவிஏ பாரம்தான் தாங்கும். மோட்டர் நேரடியாக ஸ்டார்ட் ஆகும் கணத்தில் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதே இணைப்பில் மில், பேக்கரி, ஐஸ்கிரீம் கடை மூன்றையும் குடியேற்றிவிட்டு, டிரிப் சுவிட்ச் விழுகிறது என்று வாடகைக்காரரை ஏசக்கூடாது. யூனிட்டுக்கு அவர்களிடம் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்ற கதையை இன்று எடுக்கவில்லை.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன காலத்தில் சிலர் ஜெனரேட்டர் பூட்டினீர்கள். நல்ல காரியம். ஆனால் பேஸ் வரிசையை யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. இரண்டு கம்பி மாறினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். தண்ணீர் மேலே ஏறவில்லை என்று ஒரு ஹோட்டல்காரர் இரண்டு நாள் பம்ப் விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஆளிடம் அட்வான்ஸ் வாங்குமுன், லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டு மூன்று பேஸிலும் பாரத்தை அளந்து பிரித்துப் போடுங்கள், நியூட்ரல் முனையை இறுக்கச் சொல்லுங்கள். மோட்டர் உள்ள கடைகளில் ஸ்டார்ட்டரோடு ஒரு பேஸ் ஃபெயிலியர் ரிலே இருக்கட்டும். ஒரு பேஸ் போனாலும் வரிசை மாறினாலும் அது மோட்டரை நிறுத்திவிடும். இதனால் எனக்கு வேலை குறையும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த மில் மோட்டரின் பழைய சுருளை எடைக்குப் போடாமல் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். நேரம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம், பிளேன் டீ என் செலவு.

இப்படிக்கு,
கிராண்ட்பாஸிலிருந்து ஒரு மோட்டர்காரன்