முதுமையில் புதிதாக வரும் தலைவலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

50 வயதைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாக 70 வயதை ஒட்டியவர்களுக்கு, முன்பு இல்லாத தலைவலி தொடங்கினால், அதை முதுமையின் இயல்பு என ஒதுக்கிவிடக் கூடாது. தலையின் தமனிகளில் (ரத்தக் குழாய்களில்) ஏற்படும் அழற்சி, அதாவது மருத்துவர்கள் ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்று குறிப்பிடும் நோய், இப்படியும் தொடங்கலாம்.

நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவும்போது தோல் நோவது, காய்ச்சல், எடை குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். மெல்லும்போது தாடை வலித்து, நிறுத்தியதும் தணிவது மிக முக்கியமான அடையாளம். பல் வலி என்று எண்ணி இதைத் தவறவிடுவது எளிது. பலருக்குத் தோளும் இடுப்பும் காலையில் இறுகிப்போகும்.

பார்வை சில நொடிகள் மங்கித் தெளிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஏனெனில் கண் நரம்புக்குச் செல்லும் ரத்தம் தடைபட்டு இழந்த பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை, மற்றக் கண்ணும் சில நாள்களில் பாதிக்கப்படலாம்.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளும், தமனியின் அல்ட்ராசவுண்ட் அல்லது திசுப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்ய உதவும். ஆயினும், வலுவான சந்தேகம் இருந்தால் முடிவுகளுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவதே முறை. தொடங்கிய பின்னும் சில நாள்களுக்குத் திசுவில் அழற்சியின் தடயம் இருக்கும் என்பதால் தயக்கம் தேவையில்லை.

தலைவலி ஓரிரு நாள்களில் தணிந்தாலும், மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஸ்டீராய்டு பாதிக்கக்கூடிய சர்க்கரை அளவையும் எலும்பின் வலிமையையும் அக்காலம் முழுவதும் கண்காணிக்க வேண்டும்; நலமாகிவிட்டதாக எண்ணித் தாமாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்