கோர்ட்னி காக்ஸுக்கு வர வேண்டியது: தொலைக்காட்சி அகாதெமிக்கு ஒரு திறந்த மடல்

எம்மி விருதுகளை வழங்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி அகாதெமியின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஜூலையிலும் உங்கள் பரிந்துரைப் பட்டியல் வெளிவரும்போது பழைய மனக்குறை ஒன்று கிளம்பிவிடுகிறது. விஷயம் உங்களுக்கே தெரியும். 1994 முதல் 2004 வரை ஓடிய ‘ஃப்ரெண்ட்ஸ்’ நகைச்சுவைத் தொடரின் முக்கிய நடிகர்கள் ஆறு பேரில் ஐந்து பேரை நடிப்புக்காக எம்மிக்குப் பரிந்துரைத்தீர்கள். மோனிகாவாக நடித்த கோர்ட்னி காக்ஸ் பெயர் மட்டும் பத்து வருஷத்தில் ஒருமுறைகூட வரவில்லை. தான் ஒருத்தி மட்டும் விடுபட்டது மனசை வலிக்கச் செய்தது என்று 2022-இல் ஒரு வானொலிப் பேட்டியில் அவரே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகும் பேசாமல் இருக்க முடியவில்லை.

கேட்பது இதுதான்: தொலைக்காட்சியில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வரிசையில் அவரைச் சேருங்கள்.

2000 மே மாதம் வந்த காட்சியை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். அறை முழுக்க மெழுகுவத்தி. மோனிகா மண்டியிட்டு, காதலன் சாண்ட்லரிடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறாள். இரண்டு வரி தாண்டுவதற்குள் குரல் உடைந்து அழுகை வந்துவிடுகிறது. அழுதுகொண்டே சிரிக்கவும் வைக்கிறாள். அந்த வருஷம் உங்கள் துணை நடிகை பட்டியலின் ஐந்து பெயர்களில் இரண்டு ‘ஃப்ரெண்ட்ஸ்’ நடிகைகளுடையவை. காக்ஸ் அதில் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. 2002-இல் மோனிகாவின் தோழி ரேச்சலுக்குப் பிரசவமாகும் எபிசோடைப் படமாக்கியபோது காக்ஸுக்கு அப்போதுதான் கரு கலைந்திருந்தது. அது முதல் முறையும் அல்ல. பிரசவ அறையில் சிரிக்க வைக்க வேண்டியிருந்தது எவ்வளவு கஷ்டம் என்று பின்னால் அவரே சொன்னார். அப்புறம் கடைசி சீசனில் எல்லாம் நேர்மாறு. கதையில் மோனிகா குழந்தை பிறக்க வழியில்லாமல் தத்தெடுக்கக் காத்திருப்பவள். நடித்தவரோ நிஜத்தில் கர்ப்பிணி. வயிற்றைத் தொளதொள உடைக்குள் மறைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஏங்கும் பெண்ணாக அவர் நின்றார். கடைசி எபிசோடு 2004 மே 6-இல் வந்தது. அடுத்த மாதம் அவருக்கு மகள் பிறந்தாள். இதையெல்லாம் நடிப்பு என்று எண்ணாமல் வேறு எதை எண்ணினீர்கள்?

உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள், நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். சரி. ஆனால் நகைச்சுவைத் தொடரில் ஜோக் சொல்கிறவர் கண்ணில் படுவார்; அந்த ஜோக் விழுவதற்கு இடம் போட்டுக் கொடுப்பவர் கண்ணில் படமாட்டார். காக்ஸ் அந்த இரண்டாவது வேலையைப் பத்து வருஷம் பார்த்தார். தொடங்கும்போது ஆறு பேரில் ஓரளவு தெரிந்த முகம் அவர்தான். அவருக்கு ரேச்சல் வேடத்தைத்தான் முதலில் கொடுக்க நினைத்தார்கள். மோனிகாதான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். அதே காலத்தில் ‘ஸ்க்ரீம்’ படங்களில் ஈவிரக்கம் பார்க்காத நிருபர் கேல் வெதர்ஸாக வந்ததும் இதே நடிகைதான். பிறகு ‘கூகர் டவுன்’ தொடரைத் தன் தோளில் சுமந்தார். அதற்காக கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது. அப்போதும் நீங்கள் அசையவில்லை. 2021-இல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ மறுசந்திப்பு நிகழ்ச்சிக்காகத் தயாரிப்பாளர் வரிசையில் அவர் பெயர் வந்ததே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது நடிப்புக் கணக்கில் சேராது.

சாண்ட்லராக நடித்த மாத்யூ பெர்ரி இருந்தவரை அந்த வேடத்துக்காக அவர் கையில் எம்மி வரவில்லை. 2023-இல் அவர் இறந்தார். 2024 ஜனவரி விழாவில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டை இசைத்து அவருக்கு அஞ்சலி செலுத்தினீர்கள். அரங்கமே கலங்கியது, நானும் கலங்கினேன். ஆனால் கோபமும் வந்தது. ஏன் எப்போதும் இந்த வரிசையிலேயே நடக்கிறது? ஒருவர் உயிரோடு உட்கார்ந்து கேட்கும்போது அவருடைய வேலையைப் பாராட்டினால் அகாதெமிக்கு என்ன குறைந்துவிடும்?

கோபத்தில் சற்று அதிகமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். எம்மி ஓட்டைத் திருத்தும்படி கேட்கவில்லை, அது முடிந்த கதை. ‘ஹால் ஆஃப் ஃபேம்’ உங்கள் கையில் இருக்கிறது. 1984-இல் முதல் வரிசையிலேயே லூசில் பாலைச் சேர்த்தவர்கள் நீங்கள். நகைச்சுவை நடிகையின் மதிப்பு உங்களுக்குத் தெரியாதது அல்ல. தேர்வுக்குழு அடுத்து கூடும்போது கோர்ட்னி காக்ஸ் பெயரைப் பரிசீலிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
‘ஃப்ரெண்ட்ஸ்’ ரசிகை ஒருத்தி